யூட்டாவுக்குப் படிக்க வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உயரம்

2021 ஆகஸ்ட் மாதம் மாஸ்டர்ஸ் படிக்க அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டியில் வந்து இறங்கினேன். எங்கே திரும்பினாலும் மலைதான் தெரியும் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள், நானும் ஜன்னல் சீட் கேட்டு வாங்கி உட்கார்ந்து வந்தேன். ஒரு மலைகூடக் கண்ணில் படவில்லை. கலிஃபோர்னியாவில் எரிந்துகொண்டிருந்த காட்டுத்தீயின் புகை அத்தனை தூரம் கடந்து வந்து பள்ளத்தாக்கை மூடியிருந்தது. நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தது. காலையில் காபி டம்ளரோடு பேஸ்மென்ட் படியேறி வெளியே வந்தால் தெருக்கோடியில் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது வாசாட்ச் மலை. நான் திருத்துறைப்பூண்டிக்காரன். எங்கள் பக்கம் கண்ணுக்கு எட்டிய வரை வயல், அதற்கு மேலே வானம், நடுவில் எதுவும் கிடையாது. அன்றைக்குக் காபி ஆறிப்போகும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் மார்ச், ஏப்ரலில் அட்மிஷன் கிடைத்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் ரேங்கிங் என்ன, செலவு எவ்வளவு ஆகும், வேலை கிடைக்குமா என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள்தான், கீழே எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் முதல் வருஷத்தில் நான் பட்ட அவதியில் முக்கால்வாசி ஒரே காரணத்தால் வந்தது. வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்தேன், உயரத்தைப் பார்க்கவில்லை. இந்த ஊரில் வீட்டு வாடகை, பஸ் வரும் நேரம், மூச்சு விடுகிற காற்று, குக்கரில் எத்தனை விசில் விடுவது என்பது வரைக்கும் நீங்கள் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலில் மாநிலத்தைப் பற்றி ஒரு அளவு தெரிந்துகொள்ளுங்கள். பரப்பளவில் யூட்டா தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 32.7 லட்சம்தான். அந்த 32 லட்சத்திலும் பெரும்பாலானவர்கள் வாசாட்ச் மலையின் மேற்கு அடிவாரத்தில், வடக்கே ஆக்டனிலிருந்து தெற்கே ப்ரோவோ வரை நீளும் ஒரு ஒல்லியான பட்டையில் வசிக்கிறார்கள். மீதி மாநிலம் பாலைவனம், செம்பாறை, காடு, உப்பு வெளி. சால்ட் லேக் சிட்டி கிட்டத்தட்ட 1,290 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது ஏற்காட்டைவிடக் கொஞ்சம் தாழ்வு. இத்தனைக்கும் அது பள்ளத்தாக்கின் அடிப்பகுதி! கிழக்கே வாசாட்ச், மேற்கே ஓக்கர் மலை, வடமேற்கில் பெரிய உப்பு ஏரி. மாநிலத்தின் உயரமான சிகரமான கிங்ஸ் பீக் 4,100 மீட்டரைத் தாண்டும்.

சரி, என் முதல் தப்பு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கூகுள் மேப்பில் வீடு தேடினேன். யூட்டா பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டே மைல், வாடகையும் குறைச்சல், நடந்தே போய்விடலாம் என்று கணக்குப் போட்டு லீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்த இரண்டு மைலில் நூறு மீட்டருக்கு மேல் ஏற்றம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. பல்கலைக்கழகம் மலைச்சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு முதல் இரண்டு வாரம் சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும், இதில் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் ஏறினால் வகுப்புக்குள் நுழையும்போது சட்டை நனைந்திருக்கும். டிசம்பரில் அதே சரிவு பனியில் உறைந்து கிடக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்.

இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது, இந்த ஊர் முகவரியிலேயே அது எழுதியிருக்கிறது. 1847-ல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் முன்னோடிகள் இங்கே வந்து சேர்ந்தபோது, கோயில் கட்ட ஒதுக்கிய சதுக்கத்தின் மூலையைப் பூஜ்யமாக வைத்துத்தான் ஊரையே கட்டம் கட்டமாக அளந்தார்கள். தெருக்களுக்குப் பெரும்பாலும் பெயரே கிடையாது, எண்தான். ‘900 ஈஸ்ட்’ என்றால் பூஜ்யத்திலிருந்து ஒன்பது கட்டம் கிழக்கே. ‘1300 சவுத்’ என்றால் பதின்மூன்று கட்டம் தெற்கே. மலை எப்போதும் கிழக்கில் இருப்பதால் கிழக்கு எண் கூடக் கூட மேடும் கூடுகிறது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கணிதச் சூத்திரம் போலக் கச்சிதமாக வராது, ஆனால் வீடு தேட இது போதும். 400 ஈஸ்ட்டில் வீடு எடுத்தால் கல்லூரிக்கு ஏற வேண்டும், 1300 ஈஸ்ட்டில் எடுத்தால் கிட்டத்தட்ட ஏறி முடித்தாயிற்று, ஆனால் வாடகையும் ஏறியிருக்கும். எண்களை மாற்றிப் படித்தும் நான் மாட்டியிருக்கிறேன். 1300 சவுத் 900 ஈஸ்ட்டில் ஒருவர் பழைய மேசை தருவதாகச் சொன்னார், நான் 900 சவுத் 1300 ஈஸ்ட்டில் போய் நின்றேன். இரண்டும் உண்மையான முனைகள். ஒவ்வொரு கட்டமும் 660 அடி, தெருவே 132 அடி அகலம், ஆகவே ‘நாலு தெரு தள்ளி’ என்று யாராவது சொன்னால் நம் ஊர்த் தெருவை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

ஏற்றத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யூட்டா பல்கலைக்கழக மாணவர் அட்டையே பஸ்ஸுக்கும் ட்ராக்ஸ் என்கிற நகர ரயிலுக்கும் பாஸ். ட்ராக்ஸில் சிவப்பு வழித்தடம் நேராகக் கல்லூரி வளாகத்துக்குள் ஏறி, மேலே மருத்துவ மையம் வரை போகிறது. ஆகவே வீடு தேடும்போது கல்லூரியிலிருந்து எத்தனை மைல் என்று பார்க்காமல், சிவப்பு ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிஷ நடை, நடுவில் ஏற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் மேப்பில் நடைவழி போட்டாலே ஏற்ற இறக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டை நான் பார்த்திருந்தால் ஒரு வருஷம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பேஸ்மென்ட் வீடு இங்கே மிகவும் சாதாரணம். மேலே வீட்டுக்காரர், கீழே தரைக்கு அடியில் மாணவர்கள். வாடகை மலிவு, கோடையில் குளிர்ச்சி. என் அனுபவத்தில் குளிர்காலத்தில்தான் சிக்கல். வீட்டுக்கு ஒரே ஹீட்டர், அதைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் மேலே வீட்டுக்காரர் கூடத்தில். அவர்களுக்குக் கதகதப்பாக இருக்கும்போது எங்களுக்குக் கால் விறைத்துப்போகும். ஒருமுறை மூன்று நாள் அவர்கள் ஊருக்குப் போனார்கள், போகும்போது சூட்டைக் குறைத்துவிட்டார்கள், நாங்கள் நால்வரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்து அசைன்மென்ட் முடித்தோம். லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: தெர்மோஸ்டாட் யார் கையில்? ஹீட்டிங் பில் வாடகையில் சேர்த்தியா? படுக்கையறையில் ஆள் ஏறி வெளியே போகிற அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா? நடைபாதைப் பனியை யார் அள்ளுவது? கடைசிக் கேள்வி சின்ன விஷயம் இல்லை, பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது சால்ட் லேக் சிட்டி விதி. ஜன்னலைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஊருக்கு அடியிலேயே வாசாட்ச் நிலப்பிளவு ஓடுகிறது. 2020 மார்ச் 18 காலையில் 5.7 அளவில் நிலநடுக்கம் வந்து, மார்மன் கோயில் உச்சியில் இருந்த தேவதைச் சிலையின் கையிலிருந்து எக்காளமே கீழே விழுந்ததாம். கனமான பொருளைத் தலைமாட்டு அலமாரியில் வைக்காதீர்கள்.

இப்போது காற்று. வீட்டுக்குப் போன் பண்ணும்போது ‘மலைப் பிரதேசம், சுத்தமான காற்று’ என்றுதான் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வருஷத்தில் பல மாதம் அது உண்மை. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இன்வெர்ஷன் என்று ஒன்று வரும், ஆஸ்துமா இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொண்டு வாருங்கள். சாதாரணமாகத் தரைக்குப் பக்கத்தில் காற்று சூடாக இருக்கும், மேலே போகப் போகக் குளிரும். குளிர்காலத்தில் பனி மூடிய பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும், அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் மலை என்பதால் பக்கவாட்டில் போகவும் வழியில்லை. வாகனப் புகை, விறகுப் புகை, ஆலைப் புகை எல்லாம் அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே நாள் கணக்கில் ஊறும். காற்றுத் தரக் குறியீடு 150-ஐத் தாண்டிய நாட்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த புயல் வந்து கிளறிவிட்டால்தான் கலையும்.

முதல் ஜனவரியில் ஒரு வாரமாகத் தொண்டை எரிச்சலோடு அறைக்குள் கிடந்தேன். மதுரைக்கார சீனியர் அண்ணன் ஒருவர் வந்து, ‘தம்பி, கிளம்புடா, மேலே போவோம்’ என்று கூட்டிக்கொண்டு போனார். லிட்டில் காட்டன்வுட் கேன்யனில் ஏறுகிற பஸ். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறம் தவிர ஒன்றும் இல்லை, முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும். ஒரு வளைவு திரும்பினோம், அவ்வளவுதான், சடாரென்று வெயில். கண் கூசுகிற நீல வானம். மேலே இறங்கித் திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி வைத்த மாதிரி இருந்தது, அதில் ஓக்கர் மலையின் முதுகு மட்டும் தீவு போல நீட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் நான் ஒரு வாரம் படுத்திருக்கிறேன். குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓடாதீர்கள், என்95 மாஸ்க் பத்தாவது வீட்டில் வைத்திருங்கள், வாரக் கடைசியில் முடிந்தால் மேலே ஏறிவிடுங்கள். வீடு எடுக்கும்போதும் இது கணக்கில் வரும். மேற்கில், தாழ்வான பகுதியில், நெடுஞ்சாலைப் பக்கம் வாடகை குறைவு, புகை அதிகம். கிழக்கு மேட்டில் நேர்மாறு. இரண்டும் எத்தனை டாலர் வித்தியாசம் என்று பார்த்து, உங்கள் உடம்புக்குத் தகுந்த மாதிரி முடிவு செய்யுங்கள். மூச்சுத் தொந்தரவு உள்ள தங்கை ஒருத்தி கேட்டால் நான் மேட்டில்தான் வீடு எடுக்கச் சொல்வேன், வேறு செலவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பனி பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள். நான் அந்த பஸ்ஸில் போய் இறங்கியது ஆல்டா என்ற பனிச்சறுக்குத் தலம், அதன் அடிவாரமே 2,600 மீட்டர், நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். அங்கே ஒரு சராசரி வருஷத்தில் 500 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டும், 2022-23 குளிர்காலத்தில் 903 அங்குலம் கொட்டியது, கிட்டத்தட்ட 23 மீட்டர். பனிச்சரிவு அபாயத்தால் அந்த மலைப்பாதையைப் பல நாள் மூடி வைத்தார்கள். பனிச்சறுக்குப் பாதையை விட்டு வெளியே, ‘சும்மா கொஞ்ச தூரம் நடப்போம்’ என்று குளிர்காலத்தில் மலைக்குள் போகாதீர்கள். யூட்டா அவலாஞ்ச் சென்டர் தினமும் அபாய நிலவரம் வெளியிடுகிறது, அதைப் படிக்காமல் உள்ளூர்க்காரர்களே போவதில்லை.

ஊருக்குள் புதுப்பனி பிரச்சினை இல்லை, பஞ்சு மாதிரி இருக்கும். மறுநாள் வெயிலில் உருகி ராத்திரி மறுபடி உறையும் பாருங்கள், கண்ணாடி போலத் தரையோடு ஒட்டிக்கொள்ளும், அதுதான் ஆளை வீழ்த்தும். என் இரண்டு மைல் சரிவில் டிசம்பர் ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊரில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூவோடு இறங்கி வந்தபோது வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. பயந்துபோய் நேராக ஒரு பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனோம். எலும்பு முறியவில்லை, ஒரு எக்ஸ்ரே, ஒரு பட்டை, நாலு மணி நேரம். ஒரு மாதம் கழித்து, இன்ஷூரன்ஸ் கொடுத்தது போக, என் பங்குக்கு ஆயிரம் டாலருக்கு மேல் பில் வந்தது. அந்த மாதம் நான் அப்பாவிடம் பணம் கேட்க வேண்டியதாயிற்று, அது இன்னும் உறுத்துகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். வீக்கம், காய்ச்சல் மாதிரி என்றால் பகலில் மாணவர் சுகாதார மையம், ராத்திரியில் ‘அர்ஜென்ட் கேர்’ என்ற பெயரில் இருக்கும் கிளினிக்குகள் போதும். உங்கள் இன்ஷூரன்ஸ் எந்த கிளினிக்கை ஏற்கும் என்று வந்த முதல் வாரத்திலேயே பார்த்து போனில் குறித்து வையுங்கள், வலியோடு தேட முடியாது. ஷூ ஊரிலிருந்து கொண்டுவர வேண்டாம், இங்கே வந்து அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கிற குளிர்கால பூட்ஸ் வாங்குங்கள். ஷூவுக்கு அடியில் மாட்டுகிற முள் ரப்பர் பட்டை இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கிறது, அதை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

படிப்புக்கு வருவோம். 1850-ல் தொடங்கிய யூட்டா பல்கலைக்கழகத்தைப் பற்றி நம் பக்கம் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம். 1965-ல் டேவிட் எவன்ஸ் இங்கே கணினித் துறையைத் தொடங்கினார், 1968-ல் ஐவன் சதர்லேண்ட் வந்து சேர்ந்தார், அதற்குப் பிறகு நடந்ததுதான் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் வரலாறு. பிக்ஸாரின் எட் கேட்மல், அடோபியின் ஜான் வார்னாக், ஆலன் கே எல்லோரும் இங்கே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். 1969-ல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் நாலே நாலு இடங்களில் தொடங்கியது, நாலாவது இடம் இதுதான். கிராஃபிக்ஸ் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த, சோதனை மாதிரியாகப் பயன்படும் அந்தத் தேநீர்க் கெண்டியை 1975-ல் மார்ட்டின் நியூவெல் இங்கேதான் கணினியில் வடித்தார். 1982-ல் பார்னி கிளார்க் என்பவருக்கு ஜார்விக்-7 செயற்கை இதயம் பொருத்தியது இந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில். மரபணு ஆய்வுக்காக 2007-ல் நோபல் வாங்கிய மாரியோ கேபெக்கி இங்கே பேராசிரியர். கிராஃபிக்ஸ், விஷுவலைசேஷன், மரபியல், பயோமெடிக்கல், சுரங்கம், வளிமண்டல ஆய்வு, இவற்றில் ஒன்று உங்கள் துறை என்றால் ரேங்கிங் பட்டியலை மூடி வைத்துவிட்டு எந்தப் பேராசிரியர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று படியுங்கள்.

வடக்கே லோகன் என்ற சின்ன ஊரில் யூட்டா ஸ்டேட் யூனிவர்சிட்டி. விவசாயம், நீர்வளம், விண்வெளிப் பொறியியல் என்றால் அதுதான். ஊர் பஸ் எல்லோருக்கும் இலவசம், செலவு குறையும். ஆனால் சால்ட் லேக்கைவிட உயரம், அதிகக் குளிர். லோகன் மலைப்பக்கம் பீட்டர் சிங்க்ஸ் என்ற குழியில் 1985 பிப்ரவரி 1 அன்று மைனஸ் 56 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஊருக்குள் அப்படி வராது, பயப்படாதீர்கள். ப்ரோவோவில் இருக்கும் பிரிகம் யங் பல்கலைக்கழகம் மார்மன் திருச்சபைக்குச் சொந்தமானது, நல்ல படிப்பு. ஆனால் சேருபவர் எந்த மதமானாலும் அவர்கள் நடத்தை விதியை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும்: மது, புகை மட்டுமல்ல, டீ, காபியும் கூடாது, ஆண்கள் தாடி வைக்கக் கூடாது. விண்ணப்பிக்கும் முன்பே இதை யோசித்து முடிவெடுங்கள். தெற்குக் கோடியில் செயின்ட் ஜார்ஜில் யூட்டா டெக். அது 850 மீட்டர் உயரம்தான், ஜூலையில் நாற்பது டிகிரியைத் தாண்டும், பனி அபூர்வம். ஒரே மாநிலம்தான், ஆனால் லோகனுக்கு வாங்கிய கோட்டை செயின்ட் ஜார்ஜில் பீரோவில்தான் வைக்க வேண்டும்.

மார்மன்கள் பற்றி எங்கள் வீட்டில் பயந்தார்கள், மதம் மாற்றிவிடுவார்களோ என்று. வெள்ளைச் சட்டை, பெயர் அட்டையோடு இரண்டு இளைஞர்கள் கதவைத் தட்டுவார்கள், விருப்பமில்லை என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குக் கிடைத்த அண்டை வீட்டார் மாதிரி நல்லவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மணிக்கட்டு வீங்கிய வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் சூப் கொண்டுவந்து கொடுத்தார், நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றதும் மறுநாள் காய்கறி சூப்பாகவே செய்து கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் அடங்கிவிடும். பல கடைகள் மூடியிருக்கும், ஃப்ரண்ட்ரன்னர் என்கிற புறநகர் ரயில் அன்று ஓடாது, ஆகவே வாரச் சாமான் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதற்கான ரத்த வரம்பு இங்கே 0.05, மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் 0.08. விசாவில் இருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் விளையாடவே கூடாது.

சமையல். இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் வேகாது. துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் பருப்பு பருப்பாகவே கிடக்கும். ஆகவே குக்கர் கட்டாயம், அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும் (இங்கே எலக்ட்ரிக் அடுப்புதான் அதிகம்), கூடவே இரண்டு கேஸ்கட்டும் ஒரு வெயிட்டும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். வீட்டில் மூணு விசில் விட்டால் இங்கே நாலு, அஞ்சு. இட்லி மாவு குளிர்காலத்தில் புளிக்கவே புளிக்காது. ஓவனைப் பற்றவைக்காமல், உள்ளே இருக்கிற பல்பை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். ஓவனுக்குள் மாவு இருக்கிறது என்று கதவில் சீட்டு ஒட்டுங்கள். எங்கள் அறையில் ஒருவன் தெரியாமல் பீட்சாவுக்காக ஓவனைப் பற்றவைத்து, பிளாஸ்டிக் பாத்திரமும் மாவும் சேர்ந்து உருகி, அந்த வாரம் முழுக்க நாற்றம். காற்று ரொம்ப வறட்சி. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் வரும், முதல் மாதம் பயந்துவிடாதீர்கள். ராத்திரி படுக்கைக்குப் பக்கத்தில் காற்றை ஈரமாக்கும் ஒரு சின்ன ஹியூமிடிஃபையர், காலையில் தேங்காய் எண்ணெய், தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர்.

வேலை விஷயம். சால்ட் லேக்குக்கும் ப்ரோவோவுக்கும் நடுவில் லீஹை என்ற ஊரைச் சுற்றி மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன, சிலிகான் ஸ்லோப்ஸ் என்பார்கள். அடோபிக்கு அங்கே பெரிய அலுவலகம் இருக்கிறது. கலிஃபோர்னியா அளவுக்கு எண்ணிக்கை கிடையாது. ஆனால் இங்கே ஆளுக்கு ஆள் தெரியும், பேராசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். படிக்கும்போது செமஸ்டரில் வாரம் 20 மணி நேரம் வளாகத்துக்குள் வேலை செய்யலாம். முடித்த பிறகு ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை செய்கிற அனுமதி, 12 மாதம், அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கு மேலே 24 மாதம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் சீனியர் சொன்னதை நம்பாமல் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிஏ (கற்பித்தல் உதவியாளர்), ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்) வேலை வேண்டுமென்றால் வந்த பிறகு தேடலாம் என்று இருக்காதீர்கள். ஜூன், ஜூலையிலேயே பேராசிரியர்களுக்கு அவர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எழுதுங்கள், ஒரே கடிதத்தை முப்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

கார் வாங்கியதும் எல்லோரும் போவது ஆர்ச்சஸ், ஸயான், ப்ரைஸ் தேசியப் பூங்காக்களுக்கு. கட்டாயம் போங்கள், செம்பாறையில் சாயங்கால வெயில் விழுவதைப் பார்க்காமல் இந்த மாநிலத்தை விட்டுப் போகாதீர்கள். ஆனால் சலைனாவிலிருந்து க்ரீன் ரிவர் வரை ஐ-70 சாலையில் நூறு மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது. டேங்க்கை நிரப்புங்கள், ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், மேப்பை முன்பே டவுன்லோடு செய்து வையுங்கள், நடுவில் சிக்னல் போய்விடும்.

உப்பு ஏரியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் ஆறு என்றால் கடலில் கலக்கும். இங்கே ஜோர்டன், வீபர், பேர் என்று மூன்று ஆறும் மலைப்பனியைச் சுமந்து வந்து இந்த ஏரியில் முடிந்துவிடுகின்றன, வெளியே போக வழி கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். 2022 நவம்பரில் ஏரி இதுவரை பதிவானதிலேயே மிகக் கீழே போனது. நான் அப்போது போயிருந்தேன், படகுத்துறையில் படகுகளையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள், வெறும் உப்புச் சேறு. காய்ந்த ஏரிப்படுகையின் தூசியில் ஆர்சனிக் இருக்கிறது, அது காற்றோடு ஊருக்குள் வரும் என்று இங்கே எல்லோருக்கும் கவலை. கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், அந்தச் சேற்றில் நிற்க எனக்கு மனசு கேட்கவில்லை. நீர் மேலாண்மை படிக்க வருகிற பிள்ளைகளுக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

தனிமை வரும். குளிர்காலத்தில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், ஊரோடு பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், அம்மா எழுந்திருக்கும்போது நீங்கள் சோர்ந்து வீடு திரும்பியிருப்பீர்கள். சவுத் ஜோர்டனில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, ஸ்பானிஷ் ஃபோர்க்கில் கிருஷ்ணர் கோயில், அங்கே ஹோலிக்கு ஆயிரக்கணக்கில் உள்ளூர்க்காரர்கள் வந்து வண்ணப்பொடி வீசுவார்கள். தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள்.

எனக்கு அப்படித்தான் முதல் பொங்கல் கிடைத்தது. சாண்டியில், மலைக்கு ஒட்டினாற்போல ஒரு வீடு, முந்தின நாள்தான் புயல் வந்து இன்வெர்ஷனைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. பின்கட்டில் பனியை அள்ளி ஒதுக்கி, கேம்ப் அடுப்பை வைத்துப் பானை ஏற்றினார்கள். சூரிய உதயம் 7:50 என்று போனில் போட்டிருந்தது. இந்த உயரத்தில் பால் சீக்கிரமே பொங்கும், பொங்கியும்விட்டது, குழந்தைகள் ‘பொங்கலோ பொங்கல்’ என்று கத்தி முடித்தாயிற்று. சூரியனைக் காணோம். வானம் வெளுத்துவிட்டது, மேற்கே ஓக்கர் உச்சியில் வெயில் விழுந்துவிட்டது, எங்கள் மேல் மட்டும் வாசாட்ச்சின் நிழல். அந்த வீட்டுப் பாட்டி, ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தவர், கற்பூரத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். ‘உள்ளே வாங்க அத்தை, குளிருது’ என்றார் மருமகள். ‘அது ஏறி வரணும்ல, நேரம் ஆகும்’ என்றார் பாட்டி. அரை மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு அவர் கூடவே நின்றோம்.